ஐம்பது கெஜம் போகிற பந்து

அந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க என் கனவில் ஒரு பந்துதான் வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிற வானத்தில் அது மெதுவாகச் சுழன்றுகொண்டே போகும். கீழே வராது. நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருப்பேன். கழுத்து வலிக்கும்போது விழிப்பு வரும். கண்ணைத் திறந்தால் கரமனையில் எங்கள் வீட்டு மாடியறை, ஜன்னலுக்கு வெளியே மழை, கீழே அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம். எழுந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பந்து மேலேயே எங்கோ இருப்பதுபோல் தோன்றும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கி, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் சும்மா வீட்டில் இருந்தேன். அப்புறம் ஊர் எல்லையில் இருக்கிற கழக்கூட்டத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தது. முப்பது பேர் இருந்திருப்போம். வெளிநாட்டில் தயாராகிற வீடியோ கேம்களைக் கடைக்கு விடுவதற்கு முன்னால் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ஆடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

எதிர்வீட்டு மாமி அம்மாவிடம் கேட்டாள்: "பொண்ணுக்கு ஜோலி கிடைச்சுதாமே? என்ன ஜோலி?"

"கம்ப்யூட்டர்ல பந்து விளையாடறா."

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டுன்னுதான் சொல்றா. மாசம் முடிஞ்சா தெரியும்" என்றாள் அம்மா.

எனக்குக் கொடுத்தது அமெரிக்கக் கால்பந்து. பேரில்தான் கால், ஆட்டமெல்லாம் கையில். இரண்டு பக்கமும் பதினொரு பேர். இரண்டு முனையும் கூரான ஒரு பந்தை எதிராளியின் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் முட்டி மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்வார்கள். ஆனால் எப்போதாவது ஒருமுறை, எறிகிறவன் நாலடி பின்னால் போய் நின்று, நாற்பது ஐம்பது கெஜத்துக்கு அப்பால் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துப் பந்தை எறிந்துவிடுவான். அந்த இடத்தை நோக்கி அவனுடைய ஆள் ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான். பந்தும் அவனும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். எதிரணிக் காவல்காரன் ஒருவன் நிழல்போல அவனை ஒட்டி ஓடுவான். எறிகிறவன், ஓடுகிறவன், காவல்காரன் என்றுதான் எனக்குள் அவர்களுக்குப் பேர் வைத்திருந்தேன். ஆட்டத்தின் சொந்தப் பேர்களெல்லாம் நாக்கில் படிய ரொம்ப நாளாயிற்று.

முட்டல் மோதலையும் கூட்டத்தையும் மழைக் காட்சியையும் மற்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். இந்த நீளப் பந்தை யாரும் கேட்கவில்லை. எறிவதும் பிடிப்பதும் மட்டும்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் குழுவை நடத்துகிற லீட் ஒரு மலையாளி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி பட்டியலைப் பார்த்து, "அது நீ எடுத்துக்கோ. தினம் இருநூறு தடவை எறியணும். வெயில்ல, காத்துல, மஞ்சுப் பனியில. ஹேங் ஆகுதான்னு பாரு. அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்" என்றார்.

தினம் இருநூறு தடவை எறிந்தேன். பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் நூறு ஆகிவிடும். திரையில் புல்தரை பச்சையாக நீண்டு கிடக்கும். நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். பந்து கிளம்பும். கேமரா அதன் பின்னால் போகும். பந்து உச்சியில் இருக்கிற அந்தக் கணத்தில் திரையில் வானத்தைத் தவிர எதுவும் இருக்காது. ஏ.சி. குளிரில், அரைத் தூக்கத்தில், அந்த வானத்துக்குள் நான் எத்தனை மணி நேரம் இருந்தேன் என்று கணக்கில்லை.

ஒரு நாள் விளையாட்டாக ஸ்டாப்வாட்ச் எடுத்துப் பிடித்தேன். ஐம்பது கெஜம் போகிற பந்து இரண்டு வினாடிகூட மேலே நிற்கவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கல்லூரியில் எறிபொருள் இயக்கம் என்று படித்த அதே சூத்திரம்தான். அத்தனை உயரத்தில் அத்தனை தூரம் போகிற பொருள் கிட்டத்தட்ட மூன்று வினாடி காற்றில் இருந்தாக வேண்டும். அப்படியானால் இந்த ஆட்டத்தில் பூமியின் இழுப்பே வேறு. அது தெரிந்தபோது முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. தினமும் நான் போய் வருகிற இடம் வேறொரு கிரகம் என்று யாரோ சொன்னதுபோல.

அடுத்தது காவல்காரன். அவன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓடுவான். ஆனால் பந்து தலைக்கு மேலே வருகிற சமயம் பார்த்து, திரும்பிக்கூடப் பாராமல், எம்பிக் குதித்துத் தட்டிவிடுவான். பத்துக்கு ஏழு தடவை அப்படித்தான். அவனுக்கு முதுகில் கண் இருந்தது.

இரண்டையும் எழுதி அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது: 'இப்படித்தான் செய்திருக்கிறோம். தவறில்லை.' இன்னும் விரிவாக எழுதினேன். அதே பதில். மூன்றாவது தடவை எழுதியபோது லீட் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடோ, நம்ம கோச் ஒண்ணும் அல்ல. ஹேங் ஆச்சா, இல்லையா? அதை மட்டும் எழுது."

"சார், முதுகுல கண்ணு இருக்கிற மனுஷன் எங்கேயாவது உண்டா?"

"அமெரிக்கால இருக்கும்" என்றார் அவர். பக்கத்துச் சீட்டில் இருந்தவன் சிரித்துவிட்டான்.

அவனும் தமிழன்தான். குமரிக் கடற்கரையிலிருந்து அவன் அப்பா காலத்திலேயே விழிஞ்ஞத்துக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், எரிச்சல் வந்தால் இங்கிலீஷ் என்று மூன்றிலும் பேசுவான். நான் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக எழுதுவதால் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

"டீச்சர், அவங்க சொல்றதும் நியாயமாக்கும். நீ ஒரு மேட்சாவது நேர்ல கண்டதுண்டா?"

கண்டதில்லை. அவன் கேட்டது உறைத்தது. எங்கள் அலுவலக அலமாரியில், பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக, கேமைத் தயாரிக்கிற அந்த வெளிநாட்டு ஸ்டுடியோ அனுப்பிய நிஜ ஆட்டங்களின் வீடியோ காசெட்டுகள் சில தூசி படிந்து கிடந்தன. லீடிடம் கேட்டு இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்கக் கூடத்தில் வி.சி.ஆர். ஓடியது. நீளப் பந்து வருகிற இடத்தில் நிறுத்துவேன், பின்னால் ஓட்டுவேன், மறுபடி போடுவேன். சில எறிதல்களை ஸ்லோ மோஷனில் காட்டினார்கள். பந்து உச்சிக்குப் போய், அதன் கூர்முனை மெல்லக் கவிழ்ந்து, பூமியைத் தேடுவதுபோல் இறங்கத் தொடங்கும். வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. அம்மா எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை.

"இது என்னடி பந்து, உரிக்காத தேங்காய் மாதிரி" என்றாள் முதலில்.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ரெண்டு பேரும் ஏன் சேர்ந்தே ஓடறா?" என்று கேட்டாள். விளக்கினேன். நான் இன்னும் நாலைந்து தடவை அதே எறிதலைப் போட்டிருப்பேன்.

"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னால கொண்டுபோ."

கொண்டுபோனேன்.

"அந்தக் காவக்காரன் பந்தைப் பாக்கவே இல்லையே. இவன் மூஞ்சியைன்னா பாத்துண்டு ஓடறான்?"

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டே நகர்ந்து வந்திருந்தாள். புடலங்காய் ஒட்டிய விரலால் காட்டினாள்.

"இதோ பாரு. பந்து வரது இவனுக்குத்தானே தெரியும்? இவன் கண்ணு பெரிசாறது. கை மேல போறது. அதைப் பாத்துட்டுத்தான் அவன் கையைத் தூக்கறான். அவனுக்குப் பந்து எங்க இருக்குன்னே தெரியாது, கேட்டியா."

மறுபடியும் போட்டேன். அம்மா சொன்னது சரி. வேறொரு ஆட்டத்தில் வேறொரு எறிதல். அங்கேயும் அப்படித்தான். காவல்காரன் ஓடுகிறவனின் முகத்தைப் பார்க்கிறான். அந்த முகத்தில் பந்து தெரிகிறது. அவ்வளவு நாளும் நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், கீழே இரண்டு மனுஷர்கள் ஒருவரையொருவர் படித்துக்கொண்டு ஓடுவதைக் கவனிக்கவே இல்லை.

"சமையலுக்கு நேரமாச்சு" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் இதைச் சொன்னதும் பக்கத்துச் சீட்டுக்காரன் நம்பவில்லை. "முகத்தைப் பாத்துட்டு எப்படிப் பந்தைத் தட்ட முடியும்? செய்து பாத்தாத்தான் தெரியும்." ரிசப்ஷனில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு நிஜப் பந்து இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் டீ-ஷர்ட்டுகளோடு பரிசாக அனுப்பியது. யாரும் தொட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீடின் அனுமதியோடு அதை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு விழிஞ்ஞத்தில் ஆடிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அங்கே படகுகளை ஏற்றி வைக்கிற மணல்வெளிக்கு மேலே கெட்டித் தரையாக ஒரு நீண்ட இடம் உண்டு. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறு பக்கம் மாதா கோயில், நடுவில் துறைமுகத்துத் தண்ணீர். நான் பஸ் இறங்கிப் போனபோது அவனோடு அவன் அக்காவும் நின்றிருந்தாள். ஒரு கிளினிக்கில் எக்ஸ்-ரே எடுக்கிற வேலை அவளுக்கு. கல்லூரியில் வாலிபால் ஆடியவள். உயரம், நீளக் கை. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"இவன் எறிவான், நீ ஓடு, நான் உன் கூட வரேன். மூணு பேர் வேண்டாமா, பின்னே?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அவன் எறிந்த முதல் இருபது பந்துகளும் காற்றில் கரணம் அடித்துக்கொண்டே போய் எங்கெங்கோ விழுந்தன. ஒன்று, ஒரு அம்மா வலையை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்த இடத்தின் நடுவில் போய் விழுந்தது.

"எடா, நெத்தோலி மேலயா உனக்குப் பந்து களி? இதைத் திங்கிறது மனுஷம்மாராக்கும்!" என்று அவள் பந்தைத் தூக்கி எறிந்தாள். அது அவன் எறிந்ததைவிட நேராக வந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாங்கள் இன்னும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம்.

பந்தின் தையலில் விரல்களைக் கோத்துப் பிடிக்க வேண்டும் என்று அவன் தானே கண்டுபிடித்தான். அதற்கப்புறம் பந்து கரணம் அடிக்காமல் திருகிக்கொண்டு போகத் தொடங்கியது. ஐம்பது கெஜமெல்லாம் இல்லை. நல்ல எறிதல் முப்பது, முப்பத்தைந்து போகும். எங்களுக்கு அது போதும்.

ஆனால் நான் ஓடிப் பிடிக்க வேண்டுமே. அதுவரை வாழ்க்கையில் எந்தப் பந்தையும் பிடித்ததில்லை. முன்னால் ஓடிக்கொண்டே, பின்னாலிருந்து தோளுக்கு மேலே வருகிற பந்தைப் பிடிப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடும்போது பந்தே தெரியாது. திரும்பினால் வேகம் குறையும். திரும்பாவிட்டால் மண்டையில் விழும். எப்போது திரும்புவது என்பதுதான் முழு ஆட்டமும். நான் திரும்புவேன், வெயில் கண்ணில் அடிக்கும், அதற்குள் அக்காவின் கை எங்கிருந்தோ வந்து பந்தைத் தட்டிவிடும். அவள் ஒரு தடவைகூடப் பந்தைப் பார்க்கவில்லை.

"எப்படி அக்கா?"

"உன் முகத்துல எல்லாம் எழுதியிருக்கு. பந்து தூரத்துல இருக்கும்போதே வாயைத் திறந்துட்டே. கிட்ட வந்ததும் கண்ணு முழிச்சே. அப்போ கையை நீட்டினேன். அத்ரே உள்ளூ."

அம்மா சொன்னதேதான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எத்தனை எறிதல், அக்கா எத்தனை தட்டினாள், அவள் என் முகத்தைப் பார்க்காமல் வேண்டுமென்றே தரையைப் பார்த்து ஓடினால் எத்தனை. தரையைப் பார்த்து ஓடியபோது அவளால் பந்தைத் தொடவே முடியவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் வலது கை நடுவிரலில் பந்து நேராக வந்து குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா விரலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, "உடையல. சதைதான். ஐஸ் வை" என்றாள். துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம். மீன் வாடை அடிக்கிற ஒரு கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்தோம். தண்ணீரில் படகுகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டிருந்தன. அந்த நோவோடும் எனக்கு அங்கிருந்து எழுந்து போக மனசில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டாள்.

"விரல் ஏன் வீங்கியிருக்கு?"

"பந்து பட்டுடுத்து."

"கம்ப்யூட்டர்லேர்ந்து பந்து வெளில வந்துடுத்தா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கடற்கரையில் ஓடியதற்கு நன்றாகத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்து விரலில் பற்றுப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, "நான் சொன்னது சரிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"சரிதான்."

"ம்" என்று தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. காலையில் பெய்த மழையில் தரை இறுகிக் கிடந்தது. வானம் மூடியிருந்தது, கண் கூசவில்லை. நான் முந்தைய நாளெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பழகியிருந்தேன். கையைக் கடைசிவரைக்கும் தூக்கக் கூடாது என்று மனசில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

அவன் "போ" என்றான். ஓடினேன். அக்காவின் மூச்சு என் தோளருகே கேட்டது. இருபது அடி, முப்பது அடி. தலையை லேசாகத் திருப்பினேன். பந்து மேலே இருந்தது. மேகத்துக்கு முன்னால், சின்னதாக, கறுப்பாக, அசையாமல் நிற்பதுபோல. அந்த நேரத்தில் கடல் சத்தம் நின்றுவிட்டது. பள்ளிவாசல் பக்கத்தில் யாரோ லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; அந்தச் சத்தமும் இல்லை. என் காலடியும் இல்லை. அக்கா என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்கு நான் எதையும் காட்டவில்லை. எதிரே ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்போல ஓடினேன். பந்தின் முனை கவிழ்ந்தது. எனக்காக எவ்வளவோ நேரம் எடுத்துக்கொண்டு அது இறங்கி வந்தது. கடைசிக் கணத்தில்தான் கையை ஏந்தினேன். உள்ளங்கையில் ஈரத் தோலின் கனம் வந்து உட்கார்ந்தது.

பத்தடி ஓடி நின்ற பிறகுதான் கடல் திரும்ப வந்தது. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நீ பிடிக்கறேன்னே எனக்கு மனசிலாகல்லே" என்றாள். அவள் முகத்தில் கோபம்போல ஒன்று வந்து, சிரிப்பாக மாறியது.

அன்றைக்கு அதற்குமேல் நான் ஒரு பந்தும் பிடிக்கவில்லை. பிறகு வந்த எட்டு எறிதலும் தவறிப் போயின. அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரம் நான்காவது முறையாக அறிக்கை எழுதினேன். சூத்திரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்ததை எழுதினேன். காவல்காரன் பந்தைப் பார்த்து அல்ல, ஓடுகிறவனின் கண்ணையும் கையையும் பார்த்துத்தான் கையை உயர்த்த வேண்டும். ஓடுகிறவன் நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் கையைத் தாமதமாக உயர்த்த வேண்டும். பந்து இன்னும் ஒரு வினாடியாவது காற்றில் நிற்க வேண்டும். கடைசி வரியாக, பந்து உச்சியில் இருக்கும்போது கூட்டத்தின் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றும் எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

லீட் அதை இரண்டு தடவை படித்தார். அப்படியே அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே பொழுது விடிந்திருக்கும் நேரத்தில், ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆட்டத்துக்குப் பொறுப்பானவர். கல்லூரிக் காலத்தில் அவரும் காவல்காரனாக ஆடியவர் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடி அறைக்குள் ஸ்பீக்கர் போனைச் சுற்றி நானும் லீடும் உட்கார்ந்திருந்தோம். அவருடைய இங்கிலீஷ் மெதுவானது, இழுத்து இழுத்துப் பேசுவார்.

"கண்ணையும் கையையும் பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறீர்களே, இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"என் அம்மா."

லைன் போய்விட்டதோ என்று லீட் குனிந்து பார்த்தார்.

"உங்கள் அம்மா கோச்சா?"

"இல்லை. புடலங்காய் நறுக்கிக்கொண்டு உங்கள் காசெட்டைப் பார்த்தார்."

புடலங்காய்க்கு இங்கிலீஷில் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பதினாறு வயதில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. பந்தைத் தேடாதே, அவன் கண்ணைப் பார். இவ்வளவு வருஷமாக இந்த ஆட்டத்தைச் செய்கிறோம். எனக்கே தோன்றவில்லை."

காவல்காரனை மாற்றுவதாகச் சொன்னார். பந்தைக் கொஞ்சம்தான் மெதுவாக்க முடியும், முழு மூன்று வினாடி காத்திருக்கிற பொறுமை வாங்கி ஆடுகிறவர்களுக்கு இருக்காது என்றார். சத்தத்தைப் பற்றி நானே கேட்டேன்.

"அது நிஜம்தான்" என்றார். "அந்த நேரத்தில் எதுவும் கேட்காது. ஆனால் சத்தம் நின்றால் டி.வி. கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்."

லீட் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மாவை ஒரு நாள் ஆபீஸுக்குக் கூட்டிட்டு வா" என்றார். அம்மா வரவில்லை. பந்து விளையாடுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்றாள்.

ஏழெட்டு வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. நான் எறிந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். லீடும் வந்து நின்றார். திரையில் இரண்டு பேர் ஓடினார்கள். காவல்காரனின் தலை மெல்ல ஓடுகிறவன் பக்கம் திரும்பியது. ஓடுகிறவன் கையை உயர்த்திய பிறகு, ஒரு இமைப்பு கழித்து, இவன் கையை உயர்த்தினான். பந்து அவன் விரல் நுனியைத் தாண்டி ஓடுகிறவன் கையில் போய் விழுந்தது.

"அடிபொளி" என்றார் லீட், மிகவும் தாழ்ந்த குரலில்.

பந்து பழையதைவிட அரை வினாடி அதிகமாக நின்றது. சத்தம் மாறவில்லை. அதனால் நானே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆடத் தொடங்கினேன். அன்று மத்தியானம் எத்தனை தடவை எறிந்தேன் என்று எழுதி வைக்க மறந்துபோனேன்.

ஆட்டம் கடைக்கு வந்தபோது சிலர் திட்டினார்களாம், முன்புபோல் சுலபமாகப் பந்தைத் தட்டிப் பறிக்க முடியவில்லை என்று. இரண்டு மாதத்தில் பழகிவிட்டார்களாம். ஸ்டுடியோக்காரர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். எங்கள் யார் பேரும் ஆட்டத்தில் வரவில்லை. அது அப்போது வழக்கமில்லை.

எங்கள் கம்பெனி இன்னும் மூன்று வருஷம் நடந்தது. பக்கத்துச் சீட்டுக்காரன் ஷார்ஜாவுக்குப் போனான். கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த கடைசி வாரங்களில், செய்ய வேலை எதுவும் இல்லாத ஒரு பிற்பகலில், அக்கா என்னைப் பார்க்க வந்தாள். கிளினிக் யூனிஃபார்மோடு, குடையோடு, நனைந்த செருப்போடு. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. லீட் வேறு பக்கம் பார்த்தார்.

"நான் ஓடின ஆட்டம் எது? காட்டு" என்றாள்.

இரண்டு கன்ட்ரோலர்களை மாட்டினேன். அவளைக் காவல்காரனாக வைத்தேன். பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் பத்துப் பந்துகளில் அவள் ஆள் எதிர்த்திசையில் ஓடினான். அவள் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பதினைந்தாவதிலோ பதினாறாவதிலோ அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. நான் எறிய, என் ஆள் ஓட, அவள் ஆள் கூடவே வர, பந்து அந்தச் சாம்பல் வானத்தில் போய் நின்று நின்று இறங்கியது. சில தடவை நான் பிடித்தேன். சில தடவை அவள் தட்டினாள். ஹாலில் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜன்னலில் மழை எப்போது விட்டது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.